புல்லுவெட்டுப் பெண்களிடம் நாங்கள் தோற்ற கதை

போன மாதம் பத்து பெரெண்டாம் என்ற ஊரிலிருந்து மூன்று இளைஞர்கள் என்னைத் தேடி வந்தார்கள். இரண்டு பெண்கள், ஒரு பையன். நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்வது அவர்கள் தொழில். அந்தத் தொழிலை அந்தக் காலத்தில் செய்த ஒருவர் மலாக்காவில் காஜா பெராங் பக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை உறுதி செய்துகொள்ளத்தான் வந்தார்கள் போலிருக்கிறது. நான் எழுந்து போய்க் காப்பி கொண்டுவந்ததும் நம்பிக்கை வந்து மடிக்கணினியைத் திறந்தார்கள்.

திரையில் வட்டங்களும் அம்புகளும் ஓடின. நேற்று வரைக்கும் நிறுவனங்களிடம் நிலைத்தன்மை வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம். அதாவது, இருப்பதைக் கெடுக்காமல் வைத்திருப்பது. இப்போது அது பழசாகிவிட்டது. கெடுக்காமல் இருந்தால் மட்டும் போதாது, மண்ணும் நீரும் மனிதர்களும் முன்பு இருந்ததைவிட நன்றாக ஆக வேண்டும், அதற்கு மீட்டுயிர்ப்பு என்று பெயர் என்றார்கள். உங்கள் காலத்தில் இதை என்னவென்று சொல்வீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள். எங்களிடம் பெயர் இல்லை, ஒரு பால் டின் இருந்தது என்றேன். பெரியவருக்கு ஞாபகம் குழம்புகிறது என்று மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

போகும்போது ஒரு வெற்றிக் கதை எழுதித் தரச் சொன்னார்கள். இரண்டு பக்கத்துக்குள், பாடங்கள் தனியாக. முப்பது வருடத்துக்கு மேல் அந்த வேலையில் இருந்தவன் நான். யோசித்துப் பார்த்ததில் சொல்லத் தக்கதாக ஒன்றுதான் தேறியது. அதில் நாங்கள் தோற்றோம். அவர்களுடைய இரண்டு பக்கத்தில் அதற்கு இடம் இருக்காது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் ஒரு தடவை கவிழ்ந்து, மறு தடவை ஒப்பேற்றினேன். தட்டச்சு கற்றேன். பண்டார் ஹிலிரில் ஒரு சரக்குக் கடையில் இரண்டு வருடம் கடிதம் தட்டினேன். மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முந்தின வருடம், இருபத்திரண்டு வயதில், பிள்ளையிடம் வேலைக்குச் சேர்ந்தேன். மற்றதெல்லாம் அவரிடம் திட்டு வாங்கிக் கற்றது.

பிள்ளை, மலாக்கா சிட்டி என்ற சமூகத்தைச் சேர்ந்தவர். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வியாபாரம் செய்ய வந்து, இங்கேயே பெண் கட்டி, இங்கேயே தங்கிவிட்ட தமிழர்களின் வழிவந்தவர். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங், வாயில் மலாய்; தமிழ் வராது. கோயில் திருவிழாவில் முதல் வரிசையில் கைகூப்பி நிற்பார். குருக்கள் சொல்வதில் ஒரு சொல்கூட அவருக்குப் புரியாது. அது சமஸ்கிருதம், எனக்கும் புரியாது. அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் இருவரும் சமம்.

விவசாய இலாகாவில் மண் சோதிக்கும் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவர் அவர். அவர் எழுதிய அறிக்கைகளில் வெள்ளைக்கார அதிகாரிகள் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு நாள் அது அலுத்துப்போய், வீட்டின் முன்னறையில் ஒரு மேசையைப் போட்டுச் சொந்தமாக உட்கார்ந்துவிட்டார். நல்ல நேரம் பார்த்துத்தான் உட்கார்ந்தார். சுதந்திரம் வரப்போகிறது என்றதும் துரைமார்கள் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். வாங்கியவர்கள் மளிகைக்கடைக்காரர்கள், வைத்தியர்கள், வக்கீல்கள். பால் மரத்தைக் காரில் போகும்போது சன்னல் வழியாகப் பார்த்தவர்கள். அவர்களுக்கு வழி சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. பிள்ளைக்கு, தோட்டத்துத் தமிழர்களிடம் பேச ஒரு வாய் தேவைப்பட்டது. அந்த வாயாகத்தான் நான் சேர்ந்தேன்.

அவர் என்னைத் தேர்ந்தெடுத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். சான்றிதழைப் பார்க்கவே இல்லை. இரண்டு டின்களில் மண்ணை நீட்டி, முகர்ந்து பார்த்து எது பசியோடு இருக்கிறது என்று கேட்டார். இரண்டிலும் கெட்டிப்பால் வாசனைதான் வருகிறது என்றேன். இதுவரை வந்தவர்களில் பொய் சொல்லாத முதல் ஆள் நான்தான் என்று சொல்லி, மறுநாளே வரச் சொன்னார். பொய் சொல்லாதவன் என்று அவர் என்மேல் வைத்த நம்பிக்கை எத்தனை நாள் தாங்கியது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஒரு தோட்டத்துக்குப் போனால் பிள்ளை பங்களாப் படி ஏற மாட்டார். தேநீர் வேண்டாம், நாற்காலி வேண்டாம். காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரை இழுத்துவிட்ட வெள்ளைக் காலுறை, கையில் மண்வெட்டி. காலுறையில் ஒரு பொட்டு சேறு படக்கூடாது, ஆனால் சேற்றுக்குள்தான் நடப்பார். அது எப்படி என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. நடந்துபோய், மரங்களுக்கு நடுவே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து உட்காருவார். நான் பையிலிருந்து அந்த டின்னை எடுத்துக் கொடுப்பேன். இரண்டு பக்கமும் வெட்டி எடுத்த கெட்டிப்பால் டின். அதை மண்மேல் வைத்து, மேலே ஒரு பலகைத் துண்டை வைத்து, மரச் சுத்தியலால் நான்கு தட்டு. டின் இரண்டு விரல் அளவு மண்ணுக்குள் இறங்க வேண்டும். பிறகு ஒரு குவளைத் தண்ணீர். ஊற்றிய நொடியிலிருந்து சட்டைப்பைக் கடிகாரத்தைப் பார்ப்பார். தண்ணீர் முழுவதும் மண்ணுக்குள் போகும்வரை யாரும் பேசக்கூடாது. விரலை உயர்த்திவிடுவார். தோட்ட முதலாளியே ஆனாலும் வாயை மூடிக்கொண்டு டின்னைப் பார்த்து நிற்க வேண்டியதுதான். ஒருவர் தும்மினார் என்பதற்காக மறுபடி முதலிலிருந்து ஊற்றியதை நான் பார்த்திருக்கிறேன். தும்மலுக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் தைரியம் எனக்கு இருக்கவில்லை.

இதையே மூன்று இடங்களில் செய்வார். மரங்களுக்கு நடுவே, தோட்டத்து எல்லையில் காட்டோரமாக, கடைசியாகப் பங்களாவின் பூச்செடிப் பாத்தியில். காட்டோரத்தில் ஊற்றிய கையை எடுப்பதற்குள் தண்ணீர் காணாமல் போகும். பூப்பாத்தியில் கொஞ்சம் நின்று போகும். மரங்களுக்கு நடுவே ஊற்றியது பெரும்பாலும் கண்ணாடிபோல் நின்று நம் முகத்தையே காட்டும். அப்போது முதலாளியைக் கூப்பிட்டு, உங்கள் சோறு ரோஜாச் செடியிலிருந்தா வருகிறது என்று மிகப் பணிவாகக் கேட்பார்.

அறிக்கையில் மூன்று தலைப்புகள். மண்ணிலிருந்து எடுத்தது என்ன, திருப்பிக் கொடுத்தது என்ன, இனிமேல் கூடுதலாகக் கொடுக்க வேண்டியது என்ன. இலாகா அறிக்கைகளில் முதல் இரண்டுதான் இருந்தன. மூன்றாவது பிள்ளையுடையது. எடுத்ததைக் கொடுத்துவிட்டால் சரியாகிவிட்டது அல்லவா, கூடுதல் எதற்கு என்று எல்லா முதலாளிகளும் கேட்பார்கள். மெலிந்த மாட்டை வாங்கியிருக்கிறீர்கள், அது மேலும் மெலியாமல் பார்த்துக்கொண்டால் உங்களிடம் இருக்கப்போவது ஒரு மெலிந்த மாடுதான் என்பார். அந்த மாடு எல்லாத் தோட்டத்துக்கும் எங்களோடு வந்தது.

என் வேலை மொழிபெயர்ப்பு. அவர் மலாயில் ஒரு முழம் பேசினால் நான் தமிழில் ஒரு சாண் சொல்வேன். திட்டினால் கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பேன். தோட்டத்து ஆட்கள் திருப்பிச் சொல்வதில் காரத்தைக் குறைத்து அவருக்குக் கொடுப்பேன். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இரண்டு பக்கமும் சண்டை வராமல் பார்த்துக்கொள்கிறவன் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து பெரெண்டாமுக்கு அப்பால் ஒரு மேட்டுத் தோட்டம் இருந்தது. துரை ஒருவரிடமிருந்து அதை வாங்கியவர் தவுக்கே டான், பண்டார் ஹிலிரில் மளிகைக்கடை வைத்திருந்த சீன முதலாளி. மழை இல்லாவிட்டாலும் குடை பிடிப்பவர். நல்ல மனிதர், ஆனால் மூட்டையாகக் கட்டி எடை போட முடியாத எதையும் நம்ப மாட்டார். தோட்டத்தின் பால் குறைந்துகொண்டே வருகிறது, அது குறையாமல் நின்றால் போதும் என்று எங்களை அழைத்திருந்தார்.

அவ்வளவு சுத்தமான தோட்டத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. மரங்களுக்கு நடுவே ஒரு புல் கிடையாது. செம்மண் வெறும் தரையாக, கூட்டிவிட்ட வாசல்போல் கிடந்தது. துரைமார் காலத்து வழக்கம் அது. புல் முளைத்தால் மரத்தின் உணவைத் திருடிக்கொள்ளும் என்று நினைத்தார்கள். சுரண்டிச் சுரண்டி ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் ஓடையில் போய், மரத்து வேர்கள் முட்டி முட்டியாக வெளியே தெரிந்தன. பிள்ளை ஊற்றிய தண்ணீர் அப்படியே நின்றது. கடிகாரத்தை மூடிப் பைக்குள் போட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கலாம் என்றார்.

அந்தச் சுத்தத்துக்குக் காரணம் பத்தொன்பது பெண்கள். புல்லுவெட்டுக் கும்பல் என்று தோட்டத்தில் சொல்வார்கள். புருஷனை இழந்தவர்கள், விடியற்காலை இருட்டில் பால் வெட்டக் கண் பார்வை போதாதவர்கள், முதுகு மடங்கியவர்கள். செக்ரோல் என்ற ஆள் பதிவில் பெயர் இருக்கும்வரை, லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டில் ஓர் அறை உண்டு. பெயர் போனால் அறையும் போகும். அவர்களுக்குத் தலைவி பவுனம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் சுரண்டியோடு, வெற்றிலை மென்றபடி, ஒரு கண்ணைச் சுருக்கித்தான் யாரையும் பார்ப்பாள். மண் பார்க்கப் பல தடவை போய்வந்ததில், அந்தக் கும்பலிடம் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். உங்கள் தலைமுடியையும் களையென்று சுரண்டிவிட்டீர்களா என்பேன். என் மீசையைக் காட்டி, இந்தப் புல்லையும் எடுத்துவிடவா என்று அவர்கள் கேட்பார்கள்.

பிள்ளையின் மருந்து மூடுகொடி. அவரைக் குடும்பத்துக் கொடி, காச்சாங் கொடி என்று தோட்டத்தில் சொல்வார்கள். நிலத்தை மூடிப் படரும், மழையை வாங்கிக்கொள்ளும், உதிரும் இலை எருவாகும், வேர் மண்ணுக்குச் சத்துக் கொடுக்கும். முதலில் இரண்டு ஏக்கர் சரிவில் போட்டுப் பார்ப்பது, பிடித்தால் தோட்டம் முழுவதும் போடுவது என்று ஏற்பாடு. மண்ணைப் பற்றிப் பிள்ளை எழுதிய நான்கு பக்கத்தையும் தவுக்கே கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டார். ஒரு வரி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, அதை மறுபடி வாசிக்கச் சொன்னார். கொடி முழுவதும் படர்ந்த பிறகு களையெடுப்பு ஆட்கள் தேவைப்பட மாட்டார்கள். அந்த வரியை எழுதியவர் பிள்ளை, தட்டியவன் நான்.

மறுநாள் அதிகாலை, ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், பிள்ளை அந்தப் பெண்களிடம் பேசினார். மெலிந்த மாடு வந்தது. மழை வந்தது. வேர் வந்தது. நான் சொல்லிக்கொண்டே வந்தேன். பேச்சு முடிந்ததும் பவுனம்மா ஒரு கண்ணைச் சுருக்கிக் கேட்டாள்.

“கொடி எல்லாத்தையும் மூடிடுச்சின்னா, அப்பறம் நாங்க எதப் புடுங்குறது?”

பெண்கள் சிரித்தார்கள். என்ன கேட்கிறாள் என்றார் பிள்ளை. கொடிக்குப் பராமரிப்பு வேலை இருக்குமா என்று கேட்கிறாள் என்றேன். நிறைய இருக்கும் என்றார் அவர். முதல் சில மாதம் கொடியை விட்டுவிட்டுப் புல்லை மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும், கண் கூர்மையானவர்கள்தான் செய்ய முடியும் என்றார். நான் பவுனம்மாவிடம் திரும்பி, “நெறைய வேலை இருக்கும் அக்கா. கவலப்படாதீங்க” என்றேன். பொய் என்று சொல்ல முடியாது. முதல் சில மாதத்துக்கு அது உண்மைதான்.

விதையை ஜொகூரிலிருந்து வரவழைத்தோம். தடித்த தோல் உள்ள விதை. இரண்டு பங்கு கொதிநீரில் ஒரு பங்கு பச்சைத் தண்ணீர் கலந்து, அதில் விதையைப் போட்டு ஓர் இரவு ஊறவிட வேண்டும். அதிகமாகச் சுட்டால் வெந்துவிடும், சூடு போதாவிட்டால் முளைக்காது. அந்த வேலையைப் பவுனம்மா தன் வீட்டில் வைத்துச் செய்வதாகச் சொன்னாள். காலையில் பெண்களே கோடு கிழித்து, விதையைத் தூவி, மண்ணைத் தள்ளி மூடினார்கள். ஒரு வாரத்தில் முளை வந்தது. அவ்வளவு நெருக்கமாக வரவில்லையே என்று பிள்ளை முணுமுணுத்தார். மூன்று வாரம் கழித்துத் தவுக்கேயை அழைத்துவந்து காட்டுவதாகத் திட்டம்.

மூன்று வாரம் முடிந்ததும் குடையோடு தவுக்கேயும், காலுறையோடு பிள்ளையும், பையோடு நானும் போய்ச் சேர்ந்தோம். சரிவு பளபளவென்று இருந்தது. ஒரு முளை இல்லை. செம்மண் வெறும் தரையாக, புதிதாகச் சுரண்டிய கோடுகளோடு கிடந்தது. பவுனம்மாவும் கும்பலும் வரிசையாக நின்றார்கள்.

என்ன நடந்தது என்று கேட்டேன். பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று கிராணி சொன்னார், அதனால் சுத்தம் செய்தோம் என்றாள் பவுனம்மா. கிராணி, தோட்டத்து எழுத்தர், கையைப் பிசைந்தார். அவர் வழக்கமாகச் சொல்வதைத்தான் சொல்லியிருக்கிறார். எந்தத் தோட்டத்திலும் அதுதான் வழக்கம். துரையோ மேற்பார்வைக்காரரோ வருகிறார்கள் என்றால் முந்தின நாள் எல்லாவற்றையும் சுரண்டி மினுக்கிவிடுவார்கள். கொடியையும் களையென்று நினைத்துச் சுரண்டிவிட்டார்கள். பிள்ளை தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். இலாகாவில் இருந்த காலமெல்லாம் அப்படி மினுக்கி வைக்கச் சொன்னதே நான்தான், இப்போது யாரைத் திட்டுவது என்றார்.

தவுக்கே சிரிக்கவில்லை. விதை மறுபடி கிடைக்க அடுத்த வருடமாகும் என்று கேட்டதும் குடையை மடக்கினார். பக்கத்துத் தோட்டத்தில் புல்லுக்கு நஞ்சு தெளிக்கிறார்களாம், நான்கு ஆட்கள் போதுமாம், அதையே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் காரைப் பார்த்து நடந்தார். அதாவது, மண்ணும் போகும், அந்தப் பத்தொன்பது பேரும் போவார்கள். பிள்ளை அவர் பின்னாலேயே ஓடிப்போய் ஒரு வாரம் அவகாசம் வாங்கினார். காலுறையில் சேறு பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

கார் போன பிறகு பிள்ளை சரிவில் ஏறினார். பாதையிலிருந்து தெரியும் கீழ்ப்பகுதிதான் சுரண்டப்பட்டிருந்தது. உச்சிக்குப் போனதும் குந்தி உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். அங்கே சுரண்டவில்லை, கையால்தான் பிடுங்கியிருந்தார்கள். கோடு கோடாகக் கொடியின் முளைகள் மட்டும் எடுக்கப்பட்டிருந்தன. ஒரு விரல் தள்ளி, மெல்லிய லாலாங் புல் ஒன்றுவிடாமல் நின்றது. எது புல், எது கொடி என்று பார்த்துப் பார்த்து, கொடியை எடுத்துவிட்டுப் புல்லை விட்டிருந்தார்கள்.

அவர் ஒரு புல்லை விரலால் தடவிப் பார்த்தார். “சாமி, மலாயாவுல இவ்வளவு சுத்தமா களையெடுக்கத் தெரிஞ்சவங்க வேற யாரும் கெடையாது” என்றார் மலாயில். என் பெயர் சாமிநாதன், அவர் பாதியில் நிறுத்திவிடுவார். பிறகு எழுந்து, லயத்துக்குப் போகலாம் என்றார்.

பவுனம்மா வாசலில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். பிள்ளை தரையில் உட்கார்ந்தார். ஏன் என்று மட்டும் கேள் என்றார். கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, பிள்ளையைப் பார்த்தே சொன்னாள்.

“மண்ணு பொழைக்கணும்னு சொல்றீங்க. நல்லதுதான். அது பொழச்சதும் எங்க பேர செக்ரோல்லேருந்து எடுத்துருவீங்க. எங்க வீட்டக் காலி பண்றதுக்கு வெதைய எங்க கையிலயே குடுத்து, எங்களையே வெதைக்கச் சொல்றீங்க. அது மொளச்சத நாங்க வேற தண்ணி ஊத்தி வளக்கணுமா ஐயா?”

அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு சொல் குறைக்காமல், சர்க்கரை சேர்க்காமல், அவள் சொன்ன வரிசையிலேயே மொழிபெயர்த்தேன். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். களையெடுப்பு ஆட்கள் தேவைப்பட மாட்டார்கள் என்ற அந்த வரியை இவர்களிடம் யார் சொன்னது என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். நீ சொன்னாயா என்றார். இல்லை, அன்று அவள் கேட்ட கேள்வியையே உங்களுக்கு மாற்றித்தான் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். பளாரென்று ஒன்று கிடைக்கும் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது வேறு.

“நீ மாத்திச் சொன்ன. நான் எழுதவே இல்ல. அறிக்கையில மண்ணு இருக்கு, மழ இருக்கு, மரம் இருக்கு. இவங்க எங்க இருக்காங்க? வேலையாள் தேவையில்லங்கிற ஒரே வரியிலதான்.”

அதன் பிறகு அந்த வாசலில் நடந்ததுதான் உண்மையான ஆலோசனைக் கூட்டம். வட்டமும் அம்பும் கிடையாது. பக்கத்து வீடுகளிலிருந்து மற்ற பெண்களும் வந்து நின்றார்கள். முதல் வருடம் புல்லைப் பார்த்து எடுக்கும் வேலை இருக்கிறது என்று பிள்ளை விளக்கினார். அதற்குப் பிறகு என்று அவர்கள் கேட்டார்கள். தெரியவில்லை என்றார் அவர். அதையும் நான் அப்படியே சொன்னேன். பவுனம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே, ஜொகூர்க்காரனுக்கு அந்த விதை எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்டாள். கொடியில் காய்க்கும் காயிலிருந்துதான் என்றார் பிள்ளை. நம் கொடிக்குக் காய் வராதா என்றாள். வரும் என்றார். மலாக்காவில் இன்னும் எத்தனை தோட்டத்துக்கு இதே மருந்தை எழுதிக் கொடுக்கப் போகிறீர்கள், அவர்களுக்கெல்லாம் விதைக்கு எங்கே போவீர்கள் என்றாள். பிள்ளை தன் நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் லயம் முழுவதும் கேட்டிருக்கும். திருநீறு உதிர்ந்துவிட்டது.

அன்று மாலையே அறிக்கையைத் திருத்தித் தட்டினேன். ஆட்கள் தேவையில்லை என்ற வரி போயிற்று. கூடுதலாகக் கொடுக்க வேண்டியது என்ற மூன்றாம் தலைப்பின் கீழ், முதல் வரியாக, பத்தொன்பது பெயர்களையும் வரிசையாகத் தட்டினேன். ஒவ்வொரு பெயராக, எழுத்துப் பிழை இல்லாமல். களையெடுப்பு முடிந்ததும் விதை சேகரிப்பு இவர்கள் வேலை, செக்ரோலில் இவர்கள் பெயர் இருக்க வேண்டும் என்று அதற்குக் கீழே.

தவுக்கே சம்மதிக்க மாட்டார் என்று பயந்துகொண்டே போனோம். மண்ணைப் பற்றிச் சொன்னபோது அவர் மறுபடி கொட்டாவி விட்டார். விதையை மூட்டை கட்டி மற்ற தோட்டங்களுக்கு விற்கலாம் என்றதும் கண் திறந்தது. மூட்டை என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டார். ஆனால் இந்த வருடம் விதைக்கு எங்கே போவீர்கள் என்றார். அந்த இடத்தில்தான் எங்களுக்கும் வழி தெரியவில்லை.

கையெழுத்துப் போட்ட தாளைக் கொண்டுபோய் லயத்து வாசலில் முழுவதும் வாசித்துக் காட்டினேன். தன் பெயர் வந்ததும் ஒவ்வொருத்தியும் தலையசைத்தாள். ஒரு பெண் தன் பெயரை மறுபடி வாசிக்கச் சொன்னாள். பவுனம்மா எழுந்து உள்ளே போனாள். ஒரு மண்ணெண்ணெய் டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து பிள்ளையின் காலடியில் இறக்கினாள். உள்ளே காய்ந்த விதை, முக்கால் டின். முதல் தடவை நாங்கள் கொடுத்ததில் பாதியைத்தான் அவள் ஊறவைத்திருக்கிறாள். மீதியைத் தண்ணீர் காட்டாமல் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாள். முளை நெருக்கமாக வராததற்குக் காரணம் அன்றுதான் பிள்ளைக்குத் தெரிந்தது. குனிந்து விதையை அள்ளி முகர்ந்து பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. மண்ணெண்ணெய் நெடி என்று எங்களிடம் சொன்னார்.

இரண்டாவது விதைப்பு பிடித்துக்கொண்டது. புல்லை எடுத்துக் கொடியை விடுவதில் அவர்கள் காட்டிய திறமையைப் பார்க்க வேறு தோட்டத்துக் கிராணிகள் வந்து போனார்கள். அடுத்த வருடம் ஜூலைக்குள் சரிவு முழுவதும் பச்சை. முழங்கால் உயரத்துக்குக் கொடி, அதில் ஊதாப் பூ, பூவுக்குப் பின் நீளமான காய். மழை பெய்த மறுநாளும் ஓடை தெளிவாக ஓடியது. பத்தொன்பது அறைகளிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இதை எழுதும்போது இப்போதுகூட எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

மெர்டேக்காவுக்கு இரண்டு வாரம் இருக்கும். விதை எடுப்பைப் பார்க்க நான் மட்டும் போயிருந்தேன். காய்ந்த காய் வெயில் பட்டால் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைத் தெறித்துவிடும். பனி காய்வதற்குள் பறித்தாக வேண்டும் என்பதைப் பெண்கள் தாங்களாகவே கண்டுபிடித்திருந்தார்கள். விடியற்காலையில் வரிசையாக நின்று பறித்துக்கொண்டிருந்தார்கள். நான் பவுனம்மாவின் நிரையில் நின்று, ஒரு வருடமாக உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அந்த வரி அறிக்கையில் இருக்கிறது என்று யார் சொன்னது? கிராணியா, தவுக்கேயின் டிரைவரா? கிராணி பாவம், அவர்தான் உளறிவிட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள். தவுக்கே அவரோடு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

“யாரும் சொல்லல தம்பி” என்றாள். கை நிற்கவில்லை, பறித்துக்கொண்டே பேசினாள். “எப்ப வந்தாலும் எங்களக் கிண்டல் பண்ணித்தான் பேசுவ. அன்னிக்கி பெரட்டுல நான் ஒன்னு கேட்டேன். நீ கிண்டல் பண்ணல. அக்கா, கவலப்படாதீங்கன்னு ரொம்ப மரியாதையாச் சொன்ன. அப்பவே வெளங்கிருச்சி, நமக்கு என்னமோ கெட்டது வருதுன்னு. வெத வந்த அன்னிக்கே பாதிய எடுத்து வச்சிட்டேன்.”

பிறகு ஏன் உடனே பிடுங்கவில்லை, மூன்று வாரம் ஏன் வளரவிட்டீர்கள் என்று கேட்டேன்.

அவள் அப்போதுதான் கையை நிறுத்தினாள்.

“நீ நல்ல புள்ள. நீயே வந்து உண்மையச் சொல்லிருவன்னு பாத்தோம்.”

சரிவின் உச்சியில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அங்கிருந்த காய்கள் ஒவ்வொன்றாக வெடிக்கும் சத்தம் கேட்டது. பவுனம்மா மடியிலிருந்து ஒரு சாக்கை உருவி என்னிடம் கொடுத்து, சும்மா நிற்காமல் பறி என்றாள்.